நாலு கப்

ஏப்ரல் 20

ஏஜென்சி கொடுத்த நோட்டில் மாத்திரை, பிரஷர், எடை, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுத வேண்டும். அது அவர்களுக்கு. இந்த நாற்பது பக்க நோட்டு எனக்கு. பெரம்பூர் ஸ்டேஷன் வாசலில் வாங்கினேன். இந்த வீட்டில் எல்லாமே இங்கிலீஷில் வரும் போலிருக்கிறது. புரியாததை எழுதி வைத்துக்கொண்டு யாரிடமாவது கேட்க வேண்டும். நான் பத்தாவதில் கோட்டை விட்டதே இங்கிலீஷில்தான். இன்னொரு காரணமும் உண்டு. இங்கே பேச ஆள் இல்லை.

நான் பார்த்துக்கொள்ள வந்திருப்பது ஸ்டான்லி ஐயாவை. எழுபத்தொரு வயது, ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி தவறிவிட்டார். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரே மகள் பெனிட்டா அமெரிக்காவில் இருக்கிறார். பத்தொன்பது வருஷமாக அங்கேதானாம். டாக்டரிடம் போனிலேயே பேசி, எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டார். டாக்டர் சீட்டில் இருக்கும் கிறுக்கலை யாராலும் படிக்க முடியாது. மேடம் அனுப்புவதுதான் எனக்குக் கணக்கு.

காலையில் வீடியோவில் வந்தார்.

"தெய்வானைக்கா, ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். ஒரு நாளைக்கு நாலு கப். அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. தண்ணி, காபி, ஜூஸ், ஐஸ் எல்லாம் சேர்த்து நாலே கப்புதான். அப்பா கெஞ்சுவாரு, பொய் சொல்லுவாரு, ஏமாத்தப் பாப்பாரு. நீங்க மசியக் கூடாது."

"மசிய மாட்டேன் மேடம்," என்றேன்.

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. தாம்பரம் வீட்டைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் அதை இங்கே எழுதப் போவதில்லை.

சமையலறை அலமாரியில் தங்கக் கோடு போட்ட டீ கப் ஆறு இருந்தது. ஒன்றை எடுத்துக் கழுவித் தனியாக வைத்தேன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, மாத்திரைகளுக்கெல்லாம் சேர்த்து ஒன்று. ரசம், மோர் கிடையாது. சாதமும் குழைவாக இல்லாமல் உதிரியாக வடிக்க வேண்டும். எடை 62.4.

ஏப்ரல் 21

மேடம் வாட்சப்பில் பானங்கள் செய்யும் குறிப்பு ஐந்து அனுப்பியிருக்கிறார். வெறும் தண்ணீர் அப்பாவுக்கு அலுத்துவிடுமாம், கொஞ்சமாகக் குடித்தாலும் ருசியாகக் குடிக்கட்டுமாம். எல்லாம் இங்கிலீஷ். போனில் போட்டு மொழிபெயர்த்தேன். "புதினாவைக் குழப்பவும். ஒரு கோடு எலுமிச்சை. ஒரு தெறிப்பு ஆப்பிள் சாறு. பாறைகள் மீது பரிமாறவும்." என்னைக் குழப்பியதோடு சரி.

கீழே மருந்துக்கடையில் நஸ்ரின் என்று ஒரு பெண் இருக்கிறாள். பார்மசி படித்தவள். அவளிடம் போனை நீட்டினேன். சிரித்து முடித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தாள்.

மடில் என்றால் நசுக்குவது. டாஷ் என்றால் நாலைந்து சொட்டு. ஸ்ப்ளாஷ் அதைவிடக் கொஞ்சம் கூட, பாட்டிலை ஒரு தடவை சரிக்கிற அளவு. டாப் வித் என்றால் கடைசியில் மேலே ஊற்றுவது. ஆன் தி ராக்ஸ் என்றால் ஐஸ் கட்டியின் மேல். ஹாஃப் கப் என்றால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அரை கப் என்று எனக்கே தெரியுமே.

டீ கப்பில் பாதி குளிர்ந்த தண்ணீர், நசுக்கிய புதினா, எலுமிச்சை, ஒரு ஐஸ் கட்டி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐயா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது, சொப்பு வெச்சு விளையாடறியா?"

"மேடம் சொன்ன அளவுங்க ஐயா."

"இந்தச் சின்ன கப்புல நாலா? நாள் பூராவுக்கும்?"

ஏமாற்றப் பார்ப்பார் என்று சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. இரண்டாவது நாளே ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 22

எடை 61.6. மேடம் கட்டை விரல் படம் மூன்று அனுப்பினார். வெயில் தாங்க முடியவில்லை. நான் மட்டும் சமையலறையில் மறைந்து நின்று தண்ணீர் குடிக்கிறேன்.

ஏப்ரல் 24

குளியலறையிலிருந்து சொம்பை எடுத்துவிட்டேன். பல் தேய்க்கும்போது பக்கத்திலேயே நிற்கிறேன். கொப்பளிக்கிற தண்ணீரில் பாதியை விழுங்குகிறார், பார்த்துவிட்டேன். இனி நனைத்த துணியால் நானே துடைத்துவிடப் போகிறேன்.

மத்தியானம் ஐயா அமைதியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். முப்பத்தாறு வருஷம் ரயிலில் கொடி காட்டியவர், நியாயம் பேசத் தெரியாதா.

"டாக்டர் என்கிட்ட ஒரு லிட்டர்னு சொன்னாரும்மா. என் காதால கேட்டேன். நீ குடுக்கறது ஒரு லிட்டர் இல்ல. பெனிகிட்டக் கேளு."

கேட்டேன். மேடம் ஏதோ மீட்டிங்குக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். "லிட்டரும் நாலு கப்பும் ஒண்ணுதான்க்கா. அவரு உங்களைக் குழப்பறாரு. நாலு கப்புலயே நில்லுங்க. நீங்க சூப்பரா பண்றீங்க."

போனை வைத்த பிறகு, லிட்டர் என்றால் பால் பாக்கெட் இரண்டாயிற்றே, அது இந்த நாலு கப்பில் எங்கே அடங்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு குக்கர் சத்தம் போட்டது, எழுந்து போய்விட்டேன். படித்தவர், மகள், அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகிறது. குறைவாகக் கொடுத்து யாரும் செத்ததில்லை. கூடக் கொடுத்தால்தான் ஆபத்து. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 26

எடை 60.1. "நீர் நல்லா இறங்குது" என்று மேடத்துக்குச் சந்தோஷம். காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் போனார். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மேடத்திடம் சொன்னேன். கம்மியாகக் குடித்தால் கம்மியாகத்தான் போகும் என்றார். அதுவும் சரிதான்.

உதட்டில் வெடிப்பு. தேங்காய் எண்ணெய் தடவினேன். நாக்கால் அந்த எண்ணெயையும் நக்கினார். பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்கிறது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ரேடியோவைப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 27

இன்று நடந்ததை ஏஜென்சி நோட்டில் எழுதவில்லை.

துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தால் ஐயா கட்டிலில் இல்லை. ஜன்னல் ஓரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மணி பிளான்ட் வைத்திருந்த கண்ணாடி பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கொடியும் வேரும் தோளில் தொங்குகிறது. எத்தனை நாள் தண்ணீரோ, பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. அதைக் குடிக்கிறார்.

நான் கத்திவிட்டேன். பாட்டிலைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"உங்களைச் சாகடிச்சதா எம்மேல பழி வரணுமா? அதுக்கா இப்பிடிப் பண்றீங்க?"

அவர் அழுதார். கண்ணைத் துடைத்துவிடலாம் என்று துண்டை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணில் தண்ணீர் இல்லை. முகம் அழுதது, கண் காய்ந்திருந்தது.

பாட்டிலில் எவ்வளவு இருந்திருக்கும், எவ்வளவு குடித்திருப்பார் என்று தெரியவில்லை. மணிக்கொரு தடவை போய் மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தேன். கால் வீங்குகிறதா என்று அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. கிள்ளித் தூக்கிய தோல் மடித்த பேப்பர் போல நின்றது, மெதுவாகத்தான் இறங்கியது. வீக்கம் இல்லை. இயேசு படத்துக்கு முன்னால் நின்று நன்றி சொன்னேன். எனக்கு எந்தச் சாமி என்றாலும் சரி.

சாயங்கால கப்பைக் கொடுக்கவில்லை. பாட்டில் தண்ணீருக்கு அது சரியாகப் போயிற்று என்று கழித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 28

கேட்பதை நிறுத்திவிட்டார். நல்லதுதான்.

ஏப்ரல் 29

எடை 58.7. பிரஷர் 90/50. மிஷின் கோளாறோ என்று என் கையில் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாகக் காட்டுகிறது.

எழுந்து நிற்க வைத்தால் சாய்கிறார். காலையில் என்னை "கிரேஸ்" என்று கூப்பிட்டார். அது அவர் மனைவியின் பெயர். "கிரேஸ், ஜோலார்பேட்டை வந்துடுச்சு, பிளாஸ்க்கக் குடு, ரொப்பிட்டு வரேன்." ஜோலார்பேட்டை தாண்டிப் போயிற்று ஐயா என்றேன். ஐயோ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மேடத்திடம் சொன்னால் ஏஜென்சிக்குச் சொல்வார், ஏஜென்சி தாம்பரத்தைத் தோண்டும். சொல்லாமல் விட்டால் இவருக்கு என்ன ஆகுமோ. இதயம் இன்னும் மோசமாகிறது என்று நினைக்கிறேன். எங்கேயோ எனக்குத் தெரியாமல் தண்ணீர் குடித்திருக்கிறார். வேறென்ன இருக்க முடியும்?

எழுத மாட்டேன் என்றதை எழுதிவிடுகிறேன். 

தாம்பரத்து அம்மாவுக்கும் இதே வியாதி. அவர்களுக்கும் அளவுத் தண்ணீர்தான். வீட்டார் கல்யாணத்துக்குப் போன பகலில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு சொம்பும்மா, வயிறு குளிரக் குடிச்சிக்கறேன்" என்றார்கள். பாவமாக இருந்தது. கொடுத்தேன். இன்னொன்று கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். மறுநாள் காலையில் மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வருமுன் போய்விட்டார்கள். வயசாச்சு, கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

அதனால்தான் மசியவில்லை. கல் நெஞ்சு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஏப்ரல் 30

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி சாயங்காலம் ஆறு.

காலையில் மேடம் புதிதாக ஒரு குறிப்பு அனுப்பினார். வெள்ளரிக்காய் கூலர். ஐயாவுக்குச் சோர்வாக இருக்கிறதென்று மட்டும் நேற்று எழுதியிருந்தேனே, அதற்கு. முதல் வரியில் ஒரு கப் தண்ணீர் என்று போட்டு, பக்கத்திலேயே எட்டு அவுன்ஸ் என்று போட்டிருந்தது. இந்த அவுன்ஸ் இதுவரை வந்ததில்லை. போனை எடுத்துக்கொண்டு நஸ்ரினிடம் இறங்கினேன்.

"அவுன்ஸ்னா முப்பது மில்லிக்கா," என்றாள். மருந்து அளக்கிற சின்ன பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கொடுத்தாள். "இந்த மேல் கோடு வரைக்கும் முப்பது. இதுல எட்டு தடவை ஊத்துனா ஒரு கப்பு."

மேலே வந்து தங்கக் கோடு கப்பை மேடையில் வைத்து ஊற்றினேன். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றிலேயே கப் நிறைந்துவிட்டது. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று நாலாவதை ஊற்றினேன். வழிந்து மேடையெல்லாம் ஓடியது. கப்பைக் கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஊற்றினேன். மறுபடியும் அதே மூன்று. அவள் சொன்ன எட்டில் இன்னும் ஐந்து குவளை பாக்கி.

அங்கே ஒரு கப் என்றால் இருநூற்று நாற்பது. நான் கொடுத்தது நூறுகூட இல்லை. நாலு கப் என்றால் அங்கே ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டாக்டர் சொன்னதும் லிட்டர். ஐயா சொன்னதும் லிட்டர். இந்த வெயிலில், நீர் பிரிகிற மாத்திரையும் கொடுத்துக்கொண்டு, பத்து நாளாக நான் ஊற்றியது நானூறுக்கும் கீழே.

 ஓட வேண்டும் போலிருந்தது. பையை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்கு, போளூர் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும், நினைத்தேன்தான்.

அதைவிட மோசமாக இன்னொன்றும் நினைத்தேன். நாளையிலிருந்து பெரிய டம்ளருக்கு மாறிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏஜென்சி நோட்டில் பத்து நாளும் நாலு கப் என்றுதான் இருக்கிறது. நாளைக்கும் நாலு கப் என்றே எழுதலாம். ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம்.

ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். "ஐயா, தண்ணி" என்றேன். கண் திறக்கவில்லை. தோளைத் தட்டினேன். முனகினார். ஸ்பூனில் எடுத்து வாயில் விட்டேன். விழுங்கவில்லை, கடைவாய் வழியாகத் தலையணையில் இறங்கியது.

பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சமாகக் கொடுத்தால் போதாது. வேகமாகக் கொடுத்தால் தாம்பரம். எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு வேகத்தில் கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்க வேண்டுமானால், இதுவரை எவ்வளவு கொடுத்தேன் என்று முதலில் நான் சொல்ல வேண்டும்.

நூற்றெட்டுக்கு அடித்தேன். கப்பையும் மருந்துக் குவளையையும் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு ஆம்புலன்ஸில் ஏறினேன்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் அம்மா ஏஜென்சி நோட்டைப் புரட்டினார். "நாலு கப்புன்னு போட்டிருக்கே. அப்புறம் எப்படி இவ்வளவு டிரை ஆனாரு?" என்றார்.

முந்தானையை அவிழ்த்து இரண்டையும் மேஜை மேல் வைத்தேன். "அந்த கப்பு இதாங்க. இந்த மருந்துக் குவளையால மூணு வாட்டி ஊத்துனா ரொம்பிடும். பத்து நாளா இந்த கப்புலதான் நாலு குடுத்தேன். ஒரு நாள் மூணுதான் குடுத்தேன்."

அவர் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னார். டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சொட்டாக, மிஷின் வைத்து எண்ணி விடுகிறார்கள். இதயம் தாங்க வேண்டுமே.

மேடத்துக்குப் போன் செய்தேன். அங்கே விடிகிற நேரம்.

"எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்த நாள்லேர்ந்து மேடம்."

  லைன் கட்டாகிவிட்டது.

மே 1

ரத்தப் பரிசோதனையில் கிட்னி எண்கள் ஏறியிருக்கிறதாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் அம்மா ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சாப்பிடப் பிடிக்கவில்லை. தண்ணீர் குடிக்கவும் பிடிக்கவில்லை.

மே 2

பெனிட்டா மேடம் கூப்பிட்டார். திட்டுவார் என்று காதை விட்டுத் தள்ளிப் பிடித்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"கப்புன்னு எழுதினது நான்தான்க்கா. அப்பா லிட்டர்னு சொன்னாருன்னு நீங்க கேட்டப்பக்கூட நான் காது குடுத்துக் கேக்கல. நம்ம வீட்டு கப்பு எவ்ளோ இருக்கும்னு எனக்கு ஞாபகமே வரலக்கா." ஃபிளைட் போட்டுவிட்டாராம். "நான் வர்ற வரைக்கும் கூடவே இருங்க. நீங்க மறைச்சிருந்தா அப்பா இருந்திருக்க மாட்டாரு."

சரி என்றேன். பால் பாக்கெட் கணக்கு எனக்கு அன்றைக்கே தோன்றியதை அவரிடம் சொல்லவில்லை. தாம்பரத்தையும் சொல்லவில்லை. இரண்டும் இந்த நோட்டில் இருக்கிறது.

மே 4

எண்கள் இறங்கிவிட்டன. நேற்று மாலையிலிருந்து ஐயாவுக்குத் தெளிவு வந்துவிட்டது. நர்ஸிடம் தான் வேலை பார்த்த ரயில்களின் பெயர்களைச் சொன்னாராம். டிரிப்பை எடுத்துவிட்டார்கள். மேடம் நாளைக் காலை இறங்குகிறார். ஏஜென்சியிலிருந்து பேசினார்கள், அளவைச் சரியாகச் சொல்லாதது வீட்டார் தவறு, உன் மேல் ஒன்றும் இல்லை என்றார்கள். டாக்டர் அம்மாகூட போகிற போக்கில் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆளாளுக்கு என்னை மன்னித்து விட்டுவிட்டார்கள்.

பத்து மணிக்கு நர்ஸ் ஒரு டம்ளரை நீட்டினார். "நூத்தம்பது மில்லி. வாய் வழியா குடிக்கலாம். நீங்களே குடுத்துடுங்க."

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிட்டே போனேன். ஐயா டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே இருந்த கைகளை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நான் கேக்கலம்மா," என்றார்.

"குடிக்கலாம் ஐயா. டாக்டரே சொல்லிட்டாங்க. உங்களுக்குத்தான்."

"இல்லம்மா. எனக்குத் தாகமே இல்ல. நான் ஒண்ணும் கேக்கல." தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. கண் டம்ளரை விட்டு நகரவில்லை.

டம்ளரை அவர் கைக்கு எட்டும்படி மேஜை மேல் வைத்தேன். "நான் வெளியில இருக்கேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வரவில்லை என்று ஆன பிறகு, போர்வையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து டம்ளரைப் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தார்.

அவர் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை நான் உள்ளே போகவில்லை.